மரத்தடிக்குக் கல் வேண்டாம், வல்லாரை போதும்

இது கொஞ்சம் நீண்ட பதிவு. காபியைக் கையில் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். அவ்வளவு பொறுமை இல்லாதவர்கள் தலைப்பை மட்டுமாவது படித்துவிட்டுப் போங்கள், அதில் பாதி விஷயம் இருக்கிறது.

நான் வேலை பார்த்த பள்ளி ஒன்றின் முன்னாள் மாணவர்கள் பள்ளிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று பணம் சேர்க்கிறார்கள். நல்ல பிள்ளைகள். துபாயில் இருப்பவன் முதல் கடைத்தெருவில் மளிகை வைத்திருப்பவன் வரை அவரவர் சக்திக்குப் போட்டிருக்கிறார்கள். அந்த வாட்ஸ்அப் குழுவில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். போன வாரம் அவர்கள் எடுத்த முடிவு இது: பள்ளி முன்வாசலில் நிற்கிற இரண்டு வேப்ப மரம், ஒரு தூங்குமூஞ்சி மரம், மூன்றின் அடியிலும் மண்ணே தெரியாதபடி பேவர் பிளாக் கல் பதிப்பது. "மழை பெஞ்சா சேறு, வெயில் அடிச்சா புழுதி, பிள்ளைங்க உட்கார முடியல. நீங்க சரின்னு சொல்லிட்டா ஆரம்பிச்சிடலாம் டீச்சர்" என்று ஒரு குரல் பதிவும் வந்தது.

நான் சரி என்று சொல்லவில்லை. காரணத்தைக் குழுவில் நான்கு வரியில் எழுத முடியாது. அதனால்தான் இங்கே. அந்தப் பிள்ளைகளும் இதைப் படிப்பார்கள், மற்றவர்களுக்கும் உதவும். ஏனென்றால் இது ஒரு பள்ளியின் சங்கதி மட்டும் இல்லை. எங்கள் தெருவில் மட்டும் இந்த ஒரு வருடத்தில் மூன்று கொல்லைகள் கல்லுக்கு அடியில் போய்விட்டன. மூன்றிலும் காரணம் ஒன்றுதான்: "நிழலா இருக்கு, ஒண்ணும் வரமாட்டேங்குது, சும்மா குப்பைதான் சேருது."

நிழலில் ஒன்றும் வராது என்பது தப்பு. நாம் வைக்கிற செடி நிழலில் வராது என்பதுதான் சரி. ரோஜா வைத்தால் வராது. செம்பருத்தி குச்சி குச்சியாய் நீண்டு பூக்காமல் நிற்கும். கத்தரி, வெண்டை பேச்சே இல்லை. அருகம்புல்கூட நல்ல வெயில் கேட்கிற புல். மரத்தடியில் அது மெலிந்து மெலிந்து ஒரு நாள் காணாமல் போய்விடும். நர்சரியில் கார்பெட் மாதிரி சுருட்டிக் கொடுக்கிறார்களே, அந்தக் கொரியன் புல்லும் அடர்ந்த நிழலில் சொட்டை விழும். நிழல் தாங்கும் என்று சொல்லி எருமைப்புல் தருகிறார்கள். மற்றவற்றைவிடத் தாங்கும்தான். ஆனால் அதற்கு வெட்டுகிற மெஷின், தண்ணீர், ஆள் என்று மாதாமாதம் ஒரு செலவு. அதைத் தின்னவும் முடியாது. பென்ஷன்காரர்களுக்கு ஆகிற காரியம் இல்லை.

நம் மண்ணில் நிழலையே விரும்பி, வருடம் முழுக்கத் தரையோடு படர்ந்து, ஒரு தடவை வைத்தால் பல வருடம் தானே பார்த்துக்கொள்கிற செடி இருக்கிறது. வல்லாரை. டெல்டாக்காரர்களுக்கு இதை அறிமுகம் செய்யத் தேவையில்லை. மேட்டூர் தண்ணீர் வந்து வாய்க்கால் நனைந்தால் கரையோரத்தில் தானே தலைகாட்டும். யாரும் விதைக்கவில்லை, யாரும் உரம் போடவில்லை. அதனாலேயே அதற்கு மதிப்பும் இல்லை. கீரைக்காரம்மா கட்டுக் கட்டிக் கொண்டுவந்தால்தான் நமக்கு அது மருந்து.

முதலில் கல்லின் கதையை முடித்துவிடுகிறேன்.

மரத்தின் வேர் எல்லாம் ஆழத்தில் இருக்கிறது, மேலே கல் போட்டால் என்ன என்று நினைக்கிறோம். நாலாம் வகுப்புப் படத்தில் மரம் மேலே எவ்வளவோ அவ்வளவு கீழேயும் இருப்பதுபோல் வரைந்திருக்கும், அதன் பலன். உண்மையில் தண்ணீரும் சத்தும் உறிஞ்சுகிற மெல்லிய வேர்கள் பெரும்பாலும் மேலே உள்ள ஒன்று, இரண்டு அடி மண்ணில்தான் கிடக்கின்றன. அவை மூச்சு விட வேண்டும். மண் துகள்களுக்கு நடுவே காற்று இருந்தால்தான் அவை உயிரோடு இருக்கும். பேவர் பிளாக் பதிப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று ஒரு நாள் நின்று பாருங்கள். முதலில் அரை அடி மண்ணை வெட்டி அள்ளுவார்கள். மரத்துக்குச் சோறு போடுகிற வேர் பாதி அந்த மண்வெட்டியிலேயே போய்விடும். பிறகு ஜல்லி, கிரஷர் தூள் கொட்டி, அதிரும் மெஷினை வைத்துத் திம்மென்று இறுக்குவார்கள். அதன் மேல் கல். "இடுக்கு வழியா தண்ணி இறங்கும்மா" என்று மேஸ்திரி சொல்லுவார். முதல் வருடம் கொஞ்சம் இறங்கும். அப்புறம் அந்த இடுக்கில் தூசியும் மண்ணும் அடைத்துக்கொள்ளும். அடியில் இறுக்கிய தளம் வேறு. மழைத் தண்ணீர் வாசல் வழியாகத் தெருவுக்கு ஓடும்.

2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டிடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று சட்டம் வந்தபோது நாங்கள் ஆசிரியர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தெருத்தெருவாக ஊர்வலம் போனோம். தட்டியெல்லாம் பிடித்துக் கோஷம் போட்டோம். அன்று கோஷம் போட்ட பிள்ளைகள்தான் இன்று கொல்லை முழுக்கக் கல் பதித்துவிட்டு, மூலையில் இரண்டடிக்கு ஒரு குழி வைத்து, இதுதான் மழைநீர் சேகரிப்பு என்கிறார்கள். கொல்லை முழுவதுமே மழைநீர் சேகரிப்பாக இருந்ததே, அப்பா!

டெல்லியில் நடைபாதை மரங்களைச் சுற்றிச் சிமெண்ட் பூசி நெரித்த விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் கான்கிரீட்டை உடைத்து எடுங்கள் என்று 2013-இல் உத்தரவு போட்டார்கள். போட்ட சிமெண்டை உடைக்க ஒரு செலவு. நாம் போடாமலே இருந்துவிடலாம் இல்லையா?

இன்னொரு விஷயம். இது மரத்துக்கு இல்லை, மனிதருக்கு. வெயில் படாத இடத்தில் சிமெண்டோ கல்லோ போட்டால் ஐப்பசி, கார்த்திகையில் அதன் மேல் பாசி பிடிக்கும். பச்சையாகத் தெரிந்தால்கூடப் பரவாயில்லை, பல நேரம் கறுப்பாக, ஈரம் மாதிரிதான் தெரியும். எங்கள் தெருவில் கல் பதித்த மூன்று வீட்டில் ஒன்றில், எனக்கு அக்கா முறை, எழுபதைத் தாண்டியவர், விடிகாலையில் வாளியோடு போய் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு. ஆபரேஷன் செய்து இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார். சேறு வேண்டாம் என்றுதான் அந்தக் கல்லைப் போட்டார்கள். சேற்றில் கால் புதையும், செருப்பு அழுக்காகும். பாசிக் கல்லில் இடுப்பு போகும். வயதானவர்கள் உள்ள வீட்டில் நிழலில் வழவழக் கல் போடுவதை நான் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்பேன்.

"மண்ணா விட்டா பாம்பு வருமே, கொசு வருமே" என்று உடனே கேட்பீர்கள். நியாயமான பயம்தான். டெங்கு பரப்புகிற கொசு மண்ணிலும் செடியிலும் முட்டை வைப்பதில்லை. தேங்கிய தண்ணீர் வேண்டும். தேங்காய் ஓடு, பழைய டயர், பூந்தொட்டிக்கு அடியில் வைக்கிற தட்டு, மூடாத தொட்டி. கல் பதித்த வீட்டிலும் இவையெல்லாம் இருக்கின்றன. பாம்பு எலிக்கும் தவளைக்கும் வருகிறது. அடுக்கிய செங்கல், ஓடு, விறகு, தென்னை மட்டைக் குவியல் இவைதான் அதற்கு வீடு. வல்லாரை ஒரு சாண் உயரம்கூட வராது. குனிந்து பார்த்தால் தரை தெரியும். ஆனாலும் இருட்டில் டார்ச் இல்லாமல் கொல்லைக்குப் போகாதீர்கள், வல்லாரையில் வெறும் கையை விட்டுத் துழாவாதீர்கள். கல் போட்ட கொல்லைக்கும் இதையே சொல்வேன்.

இப்போது செடிக்கு வருகிறேன்.

வல்லாரைக்குக் கொத்தமல்லியும் கேரட்டும் சொந்தக்காரர்கள் என்றால் நம்புவீர்களா? ஒரே குடும்பம். தாவரவியல் பெயர் சென்டெல்லா ஏசியாட்டிகா, பெயரிலேயே ஆசியா. இலங்கையில் சிங்களவர்கள் கொட்டுகொல என்பார்கள், யாழ்ப்பாணத்து வீடுகளில் தேங்காய்ப்பூ போட்டு வல்லாரைச் சம்பல் செய்வார்கள். தரையோடு ஓடுகிற கொடி, கணுவுக்குக் கணு வேர் விடும். அந்தக் கணுவில் நாலைந்து இலை. பூ இருக்கும், ஆனால் மண்ணோடு ஒட்டிப் பொடியாக இருப்பதால் தேடினால்தான் தெரியும். வெயிலில் வளர்ந்தால் இலை சின்னதாக, காம்பு சிவந்து, முறைத்துக்கொண்டு நிற்கும். நிழலில் வளர்ந்தால் இலை அகன்று, காம்பு நீண்டு, மெத்தையாகப் பரவும். சமையலுக்கு நிழல் வல்லாரைதான் மெல்லிசு. வேர் மேலோட்டமானது என்பதால் மரத்தோடு பெரிதாகச் சண்டை போடாது. இலை மூடிக்கொள்வதால் மழைத்துளி நேராக மண்ணில் அறையாது, சேறு தெறிக்காது. வெயில் காலத்தில் புழுதியும் எழாது. முன்னாள் மாணவர்கள் சொன்ன சேறு, புழுதி இரண்டுக்கும் பதில் இதில் இருக்கிறது.

நடுவதற்கு ஏற்ற காலம் ஐப்பசி மழை தொடங்கும் சமயம். வாய்க்கால் தண்ணீர் கிடைப்பவர்கள் ஆடி, ஆவணியிலும் நடலாம். மரத்தடி மண்ணை மண்வெட்டியால் கொத்தாதீர்கள், வேர் அறுந்துபோகும். களைக்கொட்டால் மேலாக இரண்டு விரல்கடை ஆழம் கிளறினால் போதும். மட்கிய சருகு, நன்றாக மட்கிய மாட்டெரு, இரண்டையும் ஒரு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். பச்சைச் சாணி வேண்டாம், சூடு. வேர்விட்ட கணுக்களாகப் பார்த்து வெட்டி, சாணுக்கு ஒன்றாக ஊன்றுங்கள். கணு மண்ணுக்குள், இலை வெளியே. முதல் இரண்டு வாரம் பூவாளியால் தினமும் தண்ணீர். மரத்தண்டை ஒட்டி மண்ணைக் குவிக்காதீர்கள், பட்டை அழுகும். அரை அடி தள்ளியே நடுங்கள், அது தானாக நெருங்கி வரும்.

முதல் இரண்டு மாதம்தான் வேலை. கோரையும் அருகும் முந்திக்கொள்ளப் பார்க்கும். கோரையை இழுத்தால் இலை மட்டும் கையோடு வரும், கிழங்கு உள்ளே சிரித்துக்கொண்டிருக்கும். கிழங்கோடு கிண்டி எடுக்க வேண்டும். எனக்கு இது பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரி. ஒரு மணை போட்டு உட்கார்ந்துவிட்டால் பொழுது போவது தெரியாது. வல்லாரை மூடிவிட்டால் அப்புறம் களைக்கு வெளிச்சம் கிடைக்காது, தானாகக் குறையும்.

சித்திரை, வைகாசியில் தண்ணீர் குறைந்தால் இலை சுருங்கும், பாதி மஞ்சளாகும். செத்துவிட்டது என்று பிடுங்கிப் போடாதீர்கள். கொடியும் வேரும் உயிரோடு இருந்தால் முதல் மழைக்கே துளிர்க்கும். வாரம் இரண்டு முறை நனைத்தால் எங்கள் பக்கத்துக் களிமண்ணில் கோடையும் தாங்குகிறது. மணற்பாங்கான ஊரில் கூடுதலாக ஊற்ற வேண்டும். அரிசி கழுவிய தண்ணீர், காய் கழுவிய தண்ணீர் தாராளமாகப் போகட்டும். மாமரம் சருகு கொட்டும் காலத்தில் ஈர்க்குமாறால் பரபரவென்று கூட்டினால் கொடி பெயர்ந்துவிடும். கையால் பொறுக்குங்கள், அல்லது பெரிய சருகை மட்டும் தள்ளிவிட்டுச் சின்னதை அங்கேயே மட்க விடுங்கள். அதுதான் அடுத்த வருட உரம்.

எல்லா நிழலும் ஒன்றில்லை என்பதையும் சொல்ல வேண்டும். புளிய மரத்தடியில் வல்லாரை நோஞ்சானாகத்தான் இருக்கும். காலையில் இரண்டு மணி நேரமாவது சாய்ந்த வெயிலோ, இலை இடுக்கு வழியே புள்ளி வெயிலோ வருகிற இடம்தான் அதற்குப் பிடித்த இடம். வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவே சந்து மாதிரி இருட்டாக இருந்தால் அங்கே திப்பிலி வைத்துப் பாருங்கள். சுக்கு, மிளகு, திப்பிலி என்கிறோமே, அதே திப்பிலி. தரையில் படரும், மதிலிலும் ஏறும், நிழல்தான் அதற்குச் சொர்க்கம். அரைநாள் வெயில் வந்து, ஆள் நடமாட்டமும் இருக்கிற இடத்துக்குப் பொடுதலை. மிதித்தாலும் கோபித்துக்கொள்ளாது. வல்லாரை அப்படி இல்லை. ஒன்றிரண்டு தடவை மிதிபட்டால் எழுந்துகொள்ளும், தினமும் நடந்தால் தடம் விழுந்துவிடும். நடக்கிற வழிக்கு அடிக்கு ஒன்றாகக் கருங்கல் துண்டு போட்டு, நடுவில் வல்லாரையை விடுங்கள். கல்லே கூடாது என்று நான் சொல்லவில்லை. கால் வைக்கிற இடத்துக்குக் கல், மற்ற இடத்துக்கு மண்.

இனி ஒரு எச்சரிக்கை. இதைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதிவு எழுதியே பிரயோஜனம் இல்லை.

"மண்ணை மூடப் படர்கிற செடி வேண்டும்" என்று நர்சரியில் கேட்டுப் பாருங்கள். பத்தில் எட்டுப் பேர் மஞ்சள் பூப் பூக்கும் ஒரு கொடியைத் தருவார்கள். பளபளவென்று பச்சை இலை, சின்னச் சூரியகாந்தி மாதிரிப் பூ. ரோட்டு நடுவே, பூங்காவில், கல்லூரி வாசலில் எல்லா இடத்திலும் அதுதான். எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு நர்சரியில் அதற்கு "மஞ்சள் கரிசலாங்கண்ணி" என்று அட்டையே எழுதிக் குத்தி வைத்திருந்தார்கள். அது மஞ்சள் கரிசலாங்கண்ணி இல்லை. வெடிலியா ட்ரைலோபேட்டா என்று சொல்லப்படும், அமெரிக்கக் கண்டத்து வெப்ப நாடுகளிலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட செடி. உலகத்தின் மிக மோசமான நூறு ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று ஐ.யு.சி.என். அமைப்பு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. நம் ஊரில் வேலிகாத்தானாகவும் உண்ணிச்செடியாகவும் நாம் அறிந்தவற்றின் இனங்களும் ஆகாயத்தாமரையும் இருக்கிற அதே பட்டியலில் இதுவும் இருக்கிறது. வெட்டிப் போட்ட துண்டு ஈரத்தில் கிடந்தால் வேர் விட்டுவிடும். கொல்லையில் வைத்தால் வாய்க்காலுக்கு இறங்கும். வாய்க்கால் கரைக்கு வந்தால் அங்கே தானாக முளைத்துக்கொண்டிருந்த வல்லாரையையும் பொடுதலையையும் மூடிவிடும்.

அடையாளம் சுலபம். வெடிலியாவின் இலை தடிப்பு, பளபளப்பு, ஓரத்தில் மூன்று மடலாகப் பிரிந்ததுபோல் இருக்கும், பூ பெரிது. நம் மஞ்சள் கரிசலாங்கண்ணியின் இலை ஒடுக்கமாக நீண்டது, மடல் பிரியாது, பூவும் சிறிது. மஞ்சள் காமாலைக்கு நல்லது என்று யாரோ சொல்ல, ரோட்டு நடுவே இருக்கும் வெடிலியாவைப் பறித்து அரைத்துக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். காமாலை என்றால் முதலில் ரத்தப் பரிசோதனை, மருத்துவர். அப்புறம்தான் மற்றதெல்லாம்.

வல்லாரையிலும் இந்த ஆள்மாறாட்டம் உண்டு. குடை மாதிரி வட்ட இலையோடு தண்ணீர்த் தொட்டியில் வைக்கிற ஒரு செடியை வல்லாரை என்று கொடுக்கிறார்கள். அதில் காம்பு இலையின் நடுவில் போய்ச் சேரும், குடைக் கம்பி மாதிரி. வல்லாரைக்கு இலையில் ஒரு வெட்டு இருக்கும், காம்பு அந்த வெட்டில் சேரும். ஓரம் பல் பல்லாக இருக்கும். எலிக்காது இலை என்று இன்னொன்று, அதுவும் பார்க்க இதே மாதிரி, ஆனால் அதில் மஞ்சள் பூ எடுப்பாகத் தெரியும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் மூன்று இலையையும் கொடுத்து வேறுபாடு கண்டுபிடிக்கச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். பெரியவர்கள்தான் பெயர்ப்பலகையைப் பார்க்கிறோம், இலையைப் பார்ப்பதில்லை.

சாப்பிடுவதற்கு என்றால் எங்கே வளர்க்கிறீர்கள் என்பது ரொம்ப முக்கியம். வல்லாரைக்கு மண்ணில் உள்ள ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களை உறிஞ்சிக்கொள்ளும் தன்மை உண்டு. வாஷிங் மெஷின் தண்ணீர் விழும் இடம், சாக்கடை ஓரம், பழைய பெயிண்ட் சுரண்டிக் கொட்டிய இடம், வண்டி கழுவும் இடம், அங்கெல்லாம் அழகுக்கு இருக்கட்டும், சட்டிக்கு வேண்டாம். சாக்கடை ஓரத்தில் பறித்துக் கட்டுக் கட்டி விற்பதையும் நான் பார்த்திருக்கிறேன், அதனால்தான் வீட்டு வல்லாரை என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன். மழைக்காலத்தில் நத்தை ஊரும். இரண்டு மூன்று தண்ணீர் விட்டு இலை இலையாகக் கழுவி, வதக்கியே சாப்பிடுங்கள். உளுத்தம்பருப்பு, மிளகாய், புளி வைத்துத் துவையல் அரைத்தால் சுடுசோற்றுக்கு வேறு எதுவும் வேண்டாம். கசப்பு தூக்கலாக இருந்தால் கொஞ்சம் தேங்காய் சேருங்கள். வாரம் ஒரு நாள், இரண்டு நாள் கீரையாகச் சாப்பிட்டால் போதும். கிண்ணம் கிண்ணமாகச் சாறு பிழிந்து தினமும் குடிக்கிற வேலை வேண்டாம். கர்ப்பிணிகள், கல்லீரல் தொந்தரவு உள்ளவர்கள், தூக்க மாத்திரை போடுபவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஞாபக சக்தியைப் பற்றி ஒரு வார்த்தை. பங்குனி வந்தால் போதும், பெற்றோர்கள் வல்லாரை மாத்திரை, வல்லாரை லேகியம் என்று தேட ஆரம்பித்துவிடுவார்கள். முப்பத்து நான்கு வருட அனுபவத்தில் சொல்கிறேன். வல்லாரை தின்று வாய்ப்பாடு மனப்பாடம் ஆன பிள்ளையை நான் பார்த்ததில்லை. வாய்ப்பாட்டைச் சொல்லிச் சொல்லி மனப்பாடம் ஆன பிள்ளைகளைத்தான் பார்த்திருக்கிறேன். வல்லாரை நல்ல கீரை. அதைக் கீரையாகவே மதிப்போம்.

சரி, பள்ளி விஷயம். "கல் வேண்டாம்னா பிள்ளைங்க எங்க டீச்சர் உட்காருவாங்க?" என்று குழுவில் ஒருவன் கேட்டிருக்கிறான். நல்ல கேள்வி. அங்கே முழுக்க வல்லாரை போடச் சொல்லவில்லை. இருநூறு பிள்ளைகள் ஓடுகிற இடத்தில் எந்தச் செடியும் ஒரு வாரம் தாங்காது. ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் நாலடி அகலத்துக்கு வட்டமாகச் செங்கல் அடுக்கி, அதற்குள் மட்டும் வல்லாரை. செங்கல்லைச் சிமெண்ட் வைத்துப் பூச வேண்டாம், சாய்த்து மண்ணில் பதித்தால் போதும். வட்டத்துக்கு வெளியே பிள்ளைகள் உட்காரும் இடத்தில் ஆற்று மணல் கிடைத்தால் மணல், இல்லையென்றால் நல்ல கிராவல், தண்ணீர் வடிகிற மாதிரி லேசாகச் சரிவு கொடுத்துப் பரப்புங்கள். நான்கு கல் பெஞ்சு போடுங்கள். வகுப்பறையிலிருந்து கழிப்பறைக்கும் கைகழுவும் இடத்துக்கும் போகிற பாதை மட்டும் கல்லாக இருக்கட்டும், அதிலும் சொரசொரப்பான கல். நீங்கள் சேர்த்த பணத்தில் பெரும்பகுதி மிச்சமாகும். அந்த மிச்சத்தில் கழிப்பறைக் கதவுகளைச் சரி செய்யுங்கள். நான் ஓய்வு பெற்ற நாளிலேயே இரண்டு கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, பெண் பிள்ளைகள் ஒருத்திக்கு ஒருத்தி காவல் நின்றார்கள். கல்லைவிட அது அவசரம்.

"கல்லு போட்டா பார்க்க நீட்டா இருக்கும், திறப்பு விழாவுக்கு நல்லா இருக்கும்" என்றும் ஒரு கருத்து வந்தது. உண்மைதான், வல்லாரைக்கு ரிப்பன் வெட்ட முடியாது. நட்ட அன்று பார்த்தால் வாடின கீரைக்கட்டைச் சிதறவிட்ட மாதிரி இருக்கும். தை பிறக்கும்போது வந்து பாருங்கள்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எங்கள் பக்கம் எத்தனை மரம் போனது என்று இந்தக் குழுவில் உள்ள பாதிப் பேருக்குத் தெரியும். விழுந்த மரத்துக்கு அடுத்த நாள் நிழல் தேடி அலைந்தது மறந்திருக்காது. அந்தப் புயலில் நின்ற மூன்று மரம் அவை. காற்றில் சாயாத மரத்தை நாம் வேரறுத்து, மேலே கல்லைப் போட்டு, மெதுவாகச் சாகவிட வேண்டாம் என்பதுதான் என் வேண்டுகோள். ஆள்காட்டி விரல் தடிமன் வேர் ஒன்றைக்கூட வெட்ட நான் சம்மதிக்க மாட்டேன். மற்றபடி எந்த வேலைக்கும் என் பங்குப் பணம் தயாராக இருக்கிறது. தலைமையாசிரியரிடமும் பேசிவிட்டேன். "நீங்க எல்லாரும் ஒரு முடிவா வாங்க டீச்சர், எனக்கு ஆட்சேபணை இல்லை" என்றார். ஞாயிற்றுக்கிழமை குழுக் கூட்டத்தில் பேசுவோம். எதிர்க் கருத்து உள்ளவர்கள் கீழே எழுதுங்கள், மரியாதையாக எழுதினால் பதில் சொல்வேன்.

எங்கள் வீட்டு மாமரத்தடியில் வல்லாரை இப்போது பாய் விரித்த மாதிரி கிடக்கிறது. வேண்டியவர்கள் ஐப்பசி முதல் மழை பெய்தபின் வாருங்கள். காலை எட்டு மணிக்குள் வந்தால் நல்லது, வெயில் ஏறினால் கொடி வாடிவிடும். பழைய துணி ஒன்றை நனைத்துக் கொண்டுவாருங்கள், வேரைச் சுற்றி எடுத்துப்போக. காசு கிடையாது. மஞ்சள் பூக்கொடி வைத்திருப்பவர்கள் அதை வேர் விடாமல் பிடுங்கி வெயிலில் காய வைத்துவிட்டு வாருங்கள், இரண்டு மடங்கு தருகிறேன்.